வத்தலக்குண்டிலிருந்து வந்த சூரியன்

அமாவாசைக்குக் கிறுக்கு கூடும், பௌர்ணமிக்கு மனசு தளும்பும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு பஸ் ஆபீஸில் பதினோரு வருஷம் புக்கிங் கிளார்க்காக உட்கார்ந்தவன் நான். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஜனங்கள் எந்தத் திதியில் எப்படி இருப்பார்கள் என்று என்னைக் கேட்கலாம். கிருத்திகை வந்தால் பழனிக்கு டிக்கெட் கேட்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறுவார்கள். அமாவாசையன்று பாதிப் பேர் விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏறி, ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டுவார்கள். சந்திரன் மனிதனைப் பிடித்து ஆட்டுகிறதா, சுவரில் தொங்கும் காலண்டர் ஆட்டுகிறதா என்று நான் அப்போது யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவள் என் மனைவி. அதுவும் சந்திரனை வைத்து அல்ல, சூரியனை வைத்து.

எங்கள் கல்யாணம் பழனியில் நடந்தது. ஐம்பதுகளின் கடைசி, வைகாசி மாதம். மாமனாருக்கு அடிவாரத்தில் பூக்கடை. ஆனி பிறந்ததும் அவளை மலைக்கு அழைத்து வந்தேன். பஜாருக்குக் கீழே தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. காலை ஆறரைக்கு நான் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வருவேன். மறுபடி இருட்டிய பிறகுதான் வீடு.

முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாளோ என்னவோ, மதியம் உட்கார்ந்து ரசத்தில் உப்புக் கம்மி என்றேன். சொன்னது அவ்வளவுதான். கரண்டி என் காதைத் தாண்டிப் பறந்து சுவரில் மோதி விழுந்தது. எனக்கும் வாய் சும்மா இருக்காது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிற ஆள்தான் நானும். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் மதியம் போனால், வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். முதல் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றுகிறாள்.

இப்படியே போயிற்று. ஒரு நாள் தேன், ஒரு நாள் தேள். பக்கத்து வீட்டு அம்மாள், கீழ்நாட்டிலிருந்து வந்த சின்னப் பெண், மலைக் காற்று அடித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்றாள். ஆபீஸில் டைம் கீப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அமாவாசையைக் கவனித்துப் பாரும் என்றார். அவருடைய சித்தப்பாவுக்கு அமாவாசைக்கு அமாவாசை கை கால் நடுங்குமாம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். யாரோ சொன்னதை நம்புகிறவனா? நானே கவனிப்பது என்று முடிவு செய்தேன். ஆபீஸில் தினசரி காலண்டர் தொங்கியது. தினமும் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் கம்பியில் குத்தி வைத்தேன். வீட்டில் சண்டை நடந்த நாளின் தாளில் ஒரு பெருக்கல் குறி. நல்லபடியாகச் சோறு இறங்கிய நாளில் ஒன்றும் இல்லை. ஆவணி முடிகிற வரைக்கும் இந்த ஆராய்ச்சி நடந்தது. முடிவில் தாள்களை மேஜை மேல் பரப்பிப் பார்த்தால், அமாவாசைக்கும் பெருக்கல் குறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. பெருக்கல் போட்ட அத்தனை நாளும் மலையில் மேகம் இறங்கி, மதியம் வரை வெயில் முகமே தெரியாத நாள். வெயில் அடித்த நாளில் ஒரு சண்டைகூட இல்லை!

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பு. எங்கள் ஊரில் மலை உச்சியில், சூரியனைப் பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருந்த ஆபீஸ் ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் டிக்கெட் வாங்க வந்தபோது, சூரியன் மனிதர் குணத்தை மாற்றுமா என்று கேட்டேன். சூரியனில் புள்ளி கூடினால் ரேடியோ கரகரக்கும், பெண்டாட்டி கரகரப்பாளா என்பதை எங்கள் ஆபீஸில் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் அவள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா வெள்ளைக்காரி, ஆனால் தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார். நான் சும்மா இருந்திருக்கலாம். காலண்டர் தாள்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்து, என் ஆராய்ச்சியை விளக்கினேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள். நேற்று என்று கேட்டார். அதற்கும் அதே தலையாட்டல். இரண்டு நாளாகக் கனத்த மேகம்.

டாக்டரம்மா தாள்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வானத்த நல்லாத்தான் பாத்திருக்கீங்க. இவ தட்டப் பாத்தீங்களா?" என்றார்.

நான் பார்த்ததில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் உட்காருவாள். அவள் உட்கார்ந்தாளா, சாப்பிட்டாளா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் என்னிடம் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எந்த ஆம்பிளையிடமும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தத் தாள்களை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அவள் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் பழுத்துப் பார்வை மங்கிவிட்டது. மாலை கட்டுகிறவருக்குக் கண் போனால் என்ன மிஞ்சும்? அவள் சூரியனுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பாவுக்குக் கண் தெரிந்தால், அவர் இருக்கிற வரைக்கும் தினமும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் வாயில் எதையும் வைப்பேன் என்று. அவருக்குக் கண் தெரிந்தது. பழனியில் இது ஒரு விரதமே இல்லை. அங்கே வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் வெள்ளனே எழுந்து வாசலுக்கு வந்தால் வெயில் தலையில் அடிக்கும். கொடைக்கானலுக்குக் கட்டிக் கொடுக்கும்போது அந்த வீட்டில் ஜாதகம் பார்த்தார்கள், சீர் பேசினார்கள். மேகத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் எப்படியும் சாயங்காலத்துக்குள் மேகம் ஒரு நிமிஷம் விலகும். அது வரைக்கும் பச்சைத் தண்ணீர். இனி வரப்போவது ஐப்பசி, கார்த்திகை. நாள் கணக்கில் சூரியன் தலைகாட்டாத மாதங்கள்.

பழனிக்கே அனுப்பிவிடலாம் என்றால், டாக்டரம்மா கூடாது என்றார். ஏற்கெனவே உதிரம் பட்டிருக்கிறது, அத்தனை வளைவில் பஸ்ஸில் குலுங்கிப் போனால் பிள்ளை தங்காது, பிரசவம் வரை இங்கேயே இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடட்டும் என்றார். மேலே இருந்தால் பட்டினி, கீழே போனால் பஸ். இரண்டுக்கும் நடுவில் பிள்ளை.

நான் கெஞ்சினேன், கத்தினேன். கோயில் குருக்கள் வந்து, விளக்குச் சுடரைச் சூரியனாகப் பாவித்துக் கும்பிடலாம், தோஷமில்லை என்றார். அவள் கேட்கவில்லை. விளக்கு நான் ஏற்றினால் எரிகிறது, சூரியன் அப்படியா என்றாள். குருக்கள் தட்சணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு அப்பாவுக்குக் கண் போனால் நீங்கள் திருப்பித் தருவீர்களா என்று என்னைக் கேட்டாள்.

வழி சொன்னவர் பஸ் ஆபீஸுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். ராவுத்தர், பூர்வீகம் வத்தலக்குண்டு. என்னை மாப்பிள்ளை முறை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் ஒரு நாள் அவர் கடை வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதே தொந்தரவு எங்களுக்கும் உண்டு என்றார். நோன்புப் பெருநாளைக்குப் பிறை பார்க்க வேண்டும். இந்த மலையில் மேகத்துக்குள் பிறையை எங்கே பார்ப்பது? அதனால் கீழே பார்த்தவர்கள் வந்து சாட்சி சொன்னால் ஏற்றுக்கொள்வார்களாம். ஆனால் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். பார்த்ததாகக் கேள்வி என்றால் செல்லாது. ஆள் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும்.

இதை நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள் என்றேன். கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். குருக்கள் சொன்னதில் இல்லாத ஏதோ ஒன்று இதில் அவளுக்குப் பிடித்திருந்தது. சலுகை மாதிரி இல்லாமல் சட்டம் மாதிரி இருந்ததோ என்னவோ. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். சாட்சி பொய் சொல்லிவிட்டால்?

"பொய் சொன்னா பாவம் சொன்னவன் தலையில தாயி. நம்பிச் சாப்பிட்டவுக மேல ஒண்ணும் வராது," என்றார் பாய்.

அன்றிலிருந்து சூரியன் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்தது. வத்தலக்குண்டில் ஆறு மணிக்குக் கிளம்பும் முதல் பஸ் ஒன்பதரைக்கு மேலே வரும். அதன் டிரைவர் பருத்த உடம்புக்காரர், தினமும் நெற்றி நிறைய விபூதி, வாயில் பொய் வராது என்று அந்த ரோடு முழுக்கப் பெயர். அவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நாலு பிள்ளை பெற்ற மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன் கீழ்வானத்தைப் பார்ப்பார். மறைத்திருந்தால் மலை ஏறுகிற வரைக்கும் வழியெல்லாம் ஒரு கண் கிழக்கே இருக்கும். கண்டக்டருக்கு அதில் கொஞ்சம் கவலை. ஸ்டாண்டில் வண்டி நின்றதும், இறங்குவதற்கு முன்னால், பாத்தாச்சுங்க, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று சொல்வார். தபால் மூட்டை, வாழைத்தார், கூடவே எங்கள் சூரியன். நான் டைம் கீப்பரைச் சன்னலில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவேன். அவள் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இட்லியை எடுப்பாள். எனக்கு விழுந்த திட்டு எல்லாம் அந்த மாதத்தோடு நின்றது. மேகம் அப்படியேதான் இருந்தது. சூரியன் மனிதர் குணத்தை மாற்றுமா என்ற கேள்வியை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. முதல் நாள் பஸ் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மலையிலும் இருட்டு. அவள் கடைசியாகச் சாப்பிட்டது மண் சரிவதற்கு முந்தின நாள் ராத்திரி. இப்போது ஆறு மாதம். இரண்டாம் நாள் காலை நான் எழுந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன், மெதுவாக ம் என்றாள். நாலு வார்த்தை திட்டினால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். திட்டவில்லை. காலையில் பிள்ளை அசைந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

பாய் வீட்டு அம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெருமாள்மலைக்கு நடந்தேன். ஏழு மைல் இறக்கம். அங்கே டீக்கடையில் கூட்டம். கீழே நின்றுபோன பஸ்களிலிருந்து இறங்கி, சரிந்த மண்ணைத் தாண்டி நடந்து வந்தவர்கள். ஒவ்வொருத்தராகப் போய், இன்றைக்கு எங்கேயாவது சூரியனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருத்தன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். நல்லவேளை, அந்தப் பெஞ்சின் கடைசியில் நம் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்.

"இல்லைங்க. ரெண்டு நாளா கீழயும் இருட்டித்தான் கெடக்கு. பழனி ஆயக்குடிப் பக்கமிருந்து வந்தவங்களையும் கேட்டுட்டேன்."

பார்த்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். ஊருக்கே தெரிய அழுதுவிடுவேன் போல இருந்தது. அவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தப் புள்ள என் வார்த்தைய நம்பித்தான் சாப்பிடுது. அதுல நான் மண்ணள்ளிப் போட மாட்டேங்க," என்றார்.

ஒரு டீயை வாங்கி என் கையில் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தேன். வழி நெடுக ஒரே யோசனைதான். பொய் சொன்னால் பாவம் சொன்னவன் தலையில். அவள் மேல் வராது. மாமனார் கண் மேலும் வராது என்று நானே சேர்த்துக்கொண்டேன். அப்படி பாய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு இருக்கும். அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கண் வாசலில். நான் சாக்கைக் கூட எடுக்கவில்லை. டிரைவர் பார்த்தாராம் என்றேன். எங்கே என்றாள். வத்தலக்குண்டு தாண்டி, பாலத்துக்குப் பக்கத்தில், ஆறே முக்கால் மணிக்கு, ஒரு நிமிஷம் என்றேன். வழியில் கட்டிவைத்ததை ஒப்பித்தேன். அவர் கண்ணாலேயே பார்த்தாரா என்றாள். ஆமாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கிழக்கே திரும்பிக் கும்பிட்டாள்.

பாய் வீட்டு அம்மாள் ரசத்தைச் சுட வைத்துச் சோறு பிசைந்து கொடுத்துவிட்டு வெளியே போனார். அவள் சாப்பிடுவதை நான் எதிரில் உட்கார்ந்து கடைசிக் கவளம் வரை பார்த்தேன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் பிள்ளை அசைவதாகச் சொன்னாள். நான் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். மறுநாளே ரோடு திறந்தது. டிரைவர் வந்து, குனிந்த தலையோடு, பாத்தாச்சுங்க என்றார். அன்றைக்கு அது நிஜம்.

மாசியில் பெண் பிறந்தாள். தலை நிறைய முடி, வாய் அவள் அம்மா வாய்.

மூன்று வயதில் பழனியில் பிள்ளைக்கு முடி இறக்கினோம். முடித்துவிட்டு மாமனார் வீட்டுக்குப் போனால், அவர் பேத்தியைத் தூக்கி, முகத்துக்குக் கிட்டே, ரொம்பக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தார். ஒரு வருஷமாக இப்படித்தான் மங்கலாக இருக்கிறது, மதுரையில் காட்டினால் வயதாகிவிட்டது, புரை, அறுத்து எடுக்கலாம் என்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கையில் எடுத்த பணியாரம் வாய்க்குப் போகவில்லை. அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் திரும்பினோம். வத்தலக்குண்டில் மலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல வெயில். ஒரு துண்டு மேகம் இல்லை. பிள்ளை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது, மொட்டைத் தலையில் சந்தனம். மாமியார் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் என் கையில். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அன்றைக்கு யாரும் சூரியனைப் பார்க்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன், உன் அப்பா கண்ணுக்கு ஏதாவது என்றால் பாவம் என்னுடையது என்றேன்.

அவள் முந்தானையால் பிள்ளையின் தலையை வெயிலுக்கு மறைத்தாள்.

"உங்க தலையில ஒண்ணும் இல்ல. நம்பிச் சாப்பிட்டவுகளுக்குத்தான அந்தச் சட்டம்? நான் நம்பல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்தா சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"தெரியும். பொய் சொல்றப்ப நீங்க தரையப் பாப்பீங்க," என்றாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பசி தாங்கல. யாராச்சும் வந்து ஒரு பொய்யச் சொல்லிர மாட்டாகளான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

மூன்று வருஷம் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், ஒரே வீட்டில் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இனிமேல் அந்த விரதத்தை என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. மணி பதினொன்று ஆகியிருந்தது. இத்தனை வெயில் அடித்தும் அன்று காலை அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவளிடம் நீட்டினேன். அவள் அண்ணாந்து ஒரு தரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.